குன்னூரில் இன்ஜின் மாறுகிறது, பெட்டி மாறுவதில்லை

கேள்வி:

கோத்தகிரியில் 18 ஆண்டுகளாக உள்ளூர் கேபிள் சேனல் நடத்துகிறேன். நான், ஒரு எடிட்டர், இரண்டு கேமராக்காரர்கள், செய்தி வாசிக்கும் ஒரு பெண், இவ்வளவுதான் ஆட்கள். பச்சைத் தேயிலை விலை, ஊருக்குள் வந்த காட்டெருமை, ஹெத்தையம்மன் பண்டிகை, நேரு பூங்கா காய்கறிக் கண்காட்சி, பள்ளி ஆண்டு விழா என்று ஓடுகிறது. கன்ட்ரோல் ரூம் எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது. இப்போது பாதிப் பேர் போனில்தான் பார்க்கிறார்கள், அதனால் யூடியூபிலும் போடுகிறோம். சென்னைச் செய்தி சேனல்களும் அவ்வப்போது ஃபுட்டேஜ் கேட்பார்கள். ஒளிபரப்பு இயந்திரம் 9 ஆண்டு பழசு. விற்றவர் இனிமேல் பழுது பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். இந்த நேரத்தில் ஒரு நிறுவனம் வந்து, எடிட்டிங், சேமிப்பு, ஒளிபரப்பு, மொபைல் ஆப் எல்லாமே எங்கள் கிளவுடில் கிடைக்கும், மாத வாடகை கட்டினால் போதும், 3 ஆண்டு ஒப்பந்தம் என்கிறது. கோவையில் வேலை பார்க்கும் மகள் சேர்ந்துவிடலாம் என்கிறாள். எடிட்டர் தம்பி, நம்ம ஹார்டு டிஸ்க் நம்ம கையில் இருப்பதுதான் நல்லது என்கிறான். 40 ஹார்டு டிஸ்க்கும் ஒரு பெட்டி நிறைய பழைய கேமராவில் எடுத்த மினிடிவி (MiniDV) கேசட்டும் இருக்கின்றன. யார் சொல்வதைக் கேட்பது?

— ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்:

வணக்கம் ஐயா.

அந்த 3 ஆண்டு ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். பழைய இயந்திரத்துக்குப் பதிலாக அதே மாதிரி இன்னொரு பெட்டியையும் வாங்கிவிடாதீர்கள். இரண்டிலும் நீங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து விடிகாலையில் மேட்டுப்பாளையம் வந்து நிற்கிறது. அதற்கு மேல் அந்த ரயில் வராது. அது 1676 மில்லிமீட்டர் அகலப் பாதை, மலை ரயிலுக்கு 1000 மில்லிமீட்டர். ஊட்டிக்குப் போகிறவர் மூட்டை முடிச்சு, குழந்தை குட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இறங்கி அடுத்த ரயிலில் ஏற வேண்டும். அதே மலை ரயில் குன்னூருக்கு வந்ததும் என்ன நடக்கிறது? பல்சக்கரப் பாதை அங்கே முடிந்துவிடுவதால் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டுகிறார்கள். பயணி உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. பெட்டியையும் இன்ஜினையும் சேர்க்கிற கொக்கி இரண்டு இன்ஜினுக்கும் பொது, அதனால்தான்.

உங்கள் ஃபுட்டேஜ்தான் பயணி. எடிட்டிங் மென்பொருள், சேமிக்கும் இடம், ஒளிபரப்பும் கருவி, போனுக்குக் கொண்டுபோகும் சேவை எல்லாம் இன்ஜின்கள். ஐந்தாறு ஆண்டில் எந்த இன்ஜினும் பழசாகும், மாற்றத்தான் வேண்டும். மாற்றுகிற அன்று உங்களுக்கு அது குன்னூரா, மேட்டுப்பாளையமா என்று கேளுங்கள். கிளவுடா, ஹார்டு டிஸ்கா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். ஒளிபரப்புப் பொறியாளராக நான் வேலை பார்த்த ஒரு சேனலில் விலை உயர்ந்த ஒளிபரப்பு சர்வர் ஒன்று இருந்தது. நன்றாக ஓடியது, குறை சொல்ல முடியாது. ஆனால் பதிவுகளை அது தனக்கு மட்டுமே புரிகிற கோப்பாக வைத்துக்கொண்டது. நிகழ்ச்சியின் பெயர், தேதி, பேசுபவர் யார், உரிமை யாருடையது என்பதெல்லாம் அதன் தரவுத்தளத்துக்குள் இருந்தன. விற்ற நிறுவனம் ஒரு நாள் கடையை மூடிவிட்டது. உள்ளே இருப்பதை வெளியே எடுக்க ஒரே ஒரு வழிதான் மிஞ்சியது. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் முழுதாக ஓடவிட்டு, எதிர்முனையில் இன்னொரு கருவியில் பதிவு செய்ய வேண்டும். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம். இரவு ஷிஃப்டில் இரண்டு பேர் 11 மாதம் இதே வேலையாக உட்கார்ந்திருந்தார்கள். படம் வந்து சேர்ந்தது. விவரம் வரவில்லை. ஒரு மூதாட்டி தன் இளமைக் காலத்தைப் பற்றி அரை மணி நேரம் அழகாகப் பேசும் பதிவு ஒன்று அதில் உண்டு. அவர் யார், எந்த ஊர் என்று சொல்ல இன்று யாரும் இல்லை. அந்தப் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

தமிழில் தட்டச்சு செய்த எல்லோரும் இந்தக் கஷ்டத்தை ஒரு தடவையாவது பட்டிருப்போம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு டிடிபி சென்டரிலும் ஒவ்வொரு எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் வேறு குறியீடு. இங்கே அடித்த கல்யாணப் பத்திரிகையை அடுத்த கடையில் திறந்தால் கிறுக்கலாக வரும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று பொதுக் குறியீடுகளுக்கு முயன்றார்கள். 2010இல் தமிழக அரசு யுனிகோடை ஏற்றது. இன்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அடிக்கும் தமிழ் எந்தப் போனிலும் தமிழாகவே திறக்கிறது. போனை மாற்றினாலும் எழுத்து மாறுவதில்லை. உங்கள் சேனலின் ஸ்க்ரோலிங் இன்னும் பழைய எழுத்துருவில் ஓடுகிறதா? அப்படியென்றால் மாற்றத்தை அங்கிருந்தே ஆரம்பியுங்கள். செய்தி வாசிக்கும் அம்மா ஒரு தடவை யுனிகோடில் அடித்தால், அதே வரி ஸ்க்ரோலிங்குக்கும் யூடியூப் தலைப்புக்கும் வாட்ஸ்அப்புக்கும் சப்டைட்டிலுக்கும் போகும். காசு செலவில்லை.

பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களும் இந்தப் பாடத்தைப் படித்துத்தான் வந்தன. பல காலம், படத்தைக் கருவிக்குக் கருவி கொண்டுபோகும் எஸ்டிஐ கேபிள்தான் ஸ்டுடியோவின் நரம்பு. ஒரு கேபிளில் ஒரு சிக்னல், ஒரே திசையில், படமும் ஒலியும் சேர்த்துக் கட்டிய மூட்டையாக. ஹெச்டி என்றால் நொடிக்கு 1.485 கிகாபிட். எந்தக் கருவி எதோடு பேசும் என்பது கேபிள் இழுத்த அன்றே முடிவாகிவிடும். 2017இல் வந்த எஸ்எம்பிடிஇ 2110 தரம் படத்தையும் ஒலியையும் பிற தரவையும் தனித்தனி ஓடைகளாக நெட்வொர்க்கில் விட்டது. ஒலி மட்டும் வேண்டியவர் ஒலியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பே, 2012இல், ஐரோப்பிய ஒளிபரப்புச் சங்கமான ஈபியூவும் ஏஎம்டபிள்யூஏ என்ற அமைப்பும் சேர்ந்து ஃபிம்ஸ் என்ற வரையறையை வெளியிட்டன. பதிவு செய்வது, கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றுவது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புவது ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு தனிச் சேவையாகப் பார்ப்போம், அந்தச் சேவையிடம் வேலை சொல்லும் முறை எல்லா நிறுவனத்துக்கும் பொதுவாக இருக்கட்டும் என்பது அதன் எண்ணம். ஃபிம்ஸ் என்ற பெயர் இன்று அதிகம் அடிபடுவதில்லை, எண்ணம் நிலைத்துவிட்டது. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து நடத்தும் மூவிலேப்ஸ் 2019இல் 2030ஐ நோக்கிய ஒரு திட்ட அறிக்கை வெளியிட்டது. படக்கோப்பை ஒவ்வொரு மென்பொருளுக்கும் நகல் எடுத்துக்கொண்டு ஓடாமல், கோப்பு ஓரிடத்தில் இருக்க மென்பொருள்கள் அதைத் தேடி வரட்டும் என்பது அதன் மையக் கருத்து.

எதிர்மாறான கதையும் உண்டு. பிபிசி 2008இல் டிஜிட்டல் மீடியா இனிஷியேட்டிவ் என்று ஒரு பெரிய வேலையைத் தொடங்கியது. படப்பிடிப்பு முதல் காப்பகம் வரை எல்லாம் ஒரே அமைப்புக்குள் வர வேண்டும் என்று திட்டமிட்டார்கள். 2013 மே மாதம் அதைக் கைவிட்டார்கள். செலவு ஏறத்தாழ 98 மில்லியன் பவுண்டு. தோல்விக்குக் காரணங்கள் பல. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்று: அவர்கள் கட்டி முடிப்பதற்குள், அதே வேலைகளைச் செய்யும் தனித்தனிக் கருவிகள் கடையிலேயே கிடைக்க ஆரம்பித்துவிட்டன. எல்லாம் ஒன்றாகப் பின்னியிருந்ததால் ஒரு துண்டைக் கழற்றி வெளியில் கிடைப்பதை மாட்டுவது எளிதாக இல்லை.

இவ்வளவும் சொன்னதால் 2110 வாங்க வேண்டுமோ என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குத் தனி நெட்வொர்க், எல்லாக் கருவிகளும் நொடி பிசகாமல் ஓடக் கடிகார ஒத்திசைவு என்று பெரிய செலவு. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்துக்கு அது வேண்டாம். உங்களுக்கு வேண்டிய கொக்கிகள் வேறு, பெரும்பாலும் இலவசம்.

ஒரு நாள் வேலையை எடுத்துக்கொள்வோம். பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகை. உங்கள் ஆட்கள் காலையிலிருந்து எடுக்கிறார்கள். நொடிக்கு 50 மெகாபிட் தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி வரும். உங்கள் இணைப்பின் அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரக் காட்சி மேலே ஏற இரண்டரை மணி நேரம். நான்கு மணி நேரம் எடுத்திருந்தால் பத்து மணி நேரம், அதுவும் இடையில் மரம் விழுந்து கரண்ட் போகாமல் இருந்தால். எல்லாம் கிளவுடில் எடிட் செய்யலாம் என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினாரா?

இப்போது இன்னொரு மாதிரி பாருங்கள். மூலக் கோப்பு கோத்தகிரியிலேயே இருக்கட்டும். அதற்கு 2 மெகாபிட்டில் ஒரு சின்ன நகல், நாம் பிராக்ஸி என்பது, எடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 0.9 ஜிபிதான், ஆறு நிமிடத்தில் மேலே போய்விடும். கோவையிலிருக்கும் உங்கள் மகள் அதைப் பார்த்துத் தேவையான இடங்களைக் குறிக்கலாம், டைம்லைனில் வெட்டி அடுக்கவும் செய்யலாம். அவர் திருப்பி அனுப்புவது சில கிலோபைட் அளவுள்ள ஒரு பட்டியல்தான்: எந்தக் கோப்பு, எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை. இடிஎல் என்று எடிட்டர்கள் பல ஆண்டாகப் பயன்படுத்துவது, இப்போது ஓப்பன்டைம்லைன்ஐஓ என்ற திறந்த வடிவமும் இருக்கிறது. தம்பி அதைத் திறந்து மூலக் கோப்போடு இணைத்து ரெண்டர் எடுப்பார். பிராக்ஸி எடுக்கும் சேவை ஒருவருடையது, எடிட்டிங் மென்பொருள் இன்னொருவருடையது, மூலம் உங்களுடையது. இதெல்லாம் ஒத்துப்போக இரண்டே விஷயம் போதும். பிராக்ஸியின் பெயரும் மூலத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், டைம்கோடும், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் உள்ள நேரக் குறியும், ஒன்றாக இருக்க வேண்டும். இந்த இரண்டு கொக்கியில் ஒன்று அறுந்தாலும் தம்பி ஒவ்வொரு வெட்டையும் கண்ணால் பார்த்து மறுபடி தேட வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை. போனில் எடுத்த காட்சிகள் பெரும்பாலும் சீரான பிரேம் வேகத்தில் இருக்காது. வெளிச்சத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். டைம்லைனில் போட்டால் கொஞ்ச நேரத்தில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று ஆகிவிடும். உள்ளே வரும் வாசலிலேயே எல்லாவற்றையும் நொடிக்கு 25 பிரேம் என்று நிலைப்படுத்துங்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் 2000இலிருந்து இருக்கிறது. ஒரு ஃபோல்டரில் கோப்பு விழுந்தால் தானாக மாற்றி வைக்கும்படி உங்கள் மகள் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவிடுவார்.

நேரலைக் காட்சியை இணையத்தில் அனுப்ப எஸ்ஆர்டி என்ற முறை. இதை ஹைவிஷன் என்ற நிறுவனம் உருவாக்கி 2017இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. வழியில் தொலைந்த பாக்கெட்டைத் திரும்பக் கேட்டு வாங்கும். நம் மலையில் சிக்னல் ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. அதனால் தாமத அளவை இரண்டு நொடிக்கு வையுங்கள், படம் எளிதில் உடையாது. இரண்டு நொடி தள்ளி வருவதால் பண்டிகைக்கு ஒன்றும் ஆகாது. வேறு வேறு நிறுவனத்தின் கேமரா, போன் ஆப், கணினி எல்லாம் எஸ்ஆர்டி பேசும். சென்னைச் செய்தி மேசையும் வாங்கிக்கொள்ளுமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். யூடியூபுக்கு வழக்கம்போல் ஆர்டிஎம்பி என்ற அனுப்பும் முறைக்கு மாற்றி அனுப்பினால் போதும். அந்த மாற்றம் உங்கள் கன்ட்ரோல் ரூமில் நடக்கட்டும்.

இனி ஒளிபரப்பு. இதில் என் கருத்து உறுதியானது. கேபிளுக்குப் போகும் பிளேஅவுட்டை, அதாவது நிகழ்ச்சிகளை வரிசைப்படி ஓட்டி ஒளிபரப்பும் வேலையை, எக்காரணத்துக்கும் மலைக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள். 2009 நவம்பர் மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்ததை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி நாளில் மலைப்பாதையோடு சேர்ந்து ஃபைபரும் அறுந்து போகலாம். பிளேஅவுட் மும்பையில் ஒரு டேட்டா சென்டரில் ஓடிக்கொண்டிருந்தால், அந்த நிமிடமே உங்கள் சேனல் கறுப்பாகிவிடும். எந்த ரோடு திறந்திருக்கிறது, எந்தப் பள்ளியில் தங்க இடம் இருக்கிறது என்று கோத்தகிரிக்காரருக்கு உங்களைவிட்டால் யார் சொல்வார்கள்? கன்ட்ரோல் ரூமும் கேபிளும் ஊருக்குள் இருக்கின்றன. இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும் இருந்தால், வெளியுலகம் அறுந்த பிறகும் உங்கள் சேனல் ஊருக்குள் ஓடும். இந்த வசதியை மாத வாடகைக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதற்காகப் பழைய மாதிரி மூடிய பெட்டி வாங்க வேண்டியதில்லை. ஒரு நல்ல கணினி, ஒரு வீடியோ கார்டு, அதில் காஸ்பர்சிஜி போன்ற திறந்த மென்பொருள். சுவீடன் நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியான எஸ்விடி தன் சொந்த ஒளிபரப்புக்காகச் செய்து பிறகு திறந்துவிட்டது இது. படம், லோகோ, ஸ்க்ரோலிங் எல்லாம் ஓட்டும். கட்டளைகள் வெளிப்படையானவை, அதனால் நேர அட்டவணை போடும் மென்பொருள் வேறு யாருடையதாகவும் இருக்கலாம். கணினி கெட்டுப்போனால் கோவையில் இன்னொன்று வாங்கி அன்று மாலையே ஓட்டலாம். முடிந்தால் இரண்டாவது கணினி ஒன்றைத் தயாராகவே வைத்திருங்கள்.

போனுக்குக் கொண்டுபோவதில் மட்டும் மகள் பக்கம்தான் நான். அதை வாடகைக்கே எடுங்கள். பண்டிகை நாளில் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து பார்ப்பார்கள், மறுநாள் ஒருவரும் இருக்க மாட்டார். அந்த ஒரு நாளுக்காகச் சொந்தமாக சர்வர் வாங்குவது வீண். வீடியோவைச் சின்னத் துண்டுகளாக்கிப் போனுக்கு அனுப்பும் ஹெச்எல்எஸ் என்ற முறையை ஆப்பிள் 2009இல் கொண்டுவந்தது, டாஷ் என்ற சர்வதேசத் தரம் 2012இல் வந்தது. முன்பு இரண்டுக்கும் தனித்தனிக் கோப்புகள் வேண்டும். இப்போது சிமாஃப் என்ற பொது வடிவத்தில் ஒரே துண்டுகள் இரண்டுக்கும் போதும். நீங்கள் ஹெச்எல்எஸ் கொடுக்கும் சேவையாகப் பார்த்துப் பிடித்தால், நாளைக்கு இன்னொருவருக்கு மாறும்போது பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் வீடியோ முகவரி உங்கள் சொந்த டொமைனில் இருக்க வேண்டும். மொபைல் ஆப்பும் உங்கள் பெயரில் உள்ள டெவலப்பர் கணக்கில்தான் வெளியாக வேண்டும். அவர்கள் கணக்கில் வெளியானால், பிரிகிற அன்று ஆப்பும் அதை இறக்கி வைத்திருக்கும் நேயர்களும் அவர்களோடு போய்விடுவார்கள். இந்த ஒரு விஷயத்தை மறந்து கஷ்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

சரி, அந்த நிறுவனத்துக்கு என்ன பதில் சொல்வது? முறைத்துக்கொள்ள வேண்டாம். நல்ல சேவையாகவே இருக்கலாம். சேமிப்பு, பிராக்ஸி, போன் விநியோகம் இவற்றை மட்டும் தனித்தனியாகத் தர முடியுமா, ஓராண்டுக்குத் தர முடியுமா என்று கேளுங்கள். எல்லாம் சேர்த்துத்தான் தருவோம் என்றால் அதுவே ஒரு பதில். ஏபிஐ இருக்கிறதா என்று மகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து ஒரு மென்பொருள் அவர்கள் சேவையிடம் "இந்தக் கோப்பை எடு, மாற்று, அங்கே அனுப்பு" என்று சொல்ல வைத்திருக்கும் வாசல் அது. ஆவணம் வெளிப்படையாக இருக்க வேண்டும், தனிக் கட்டணம் கூடாது.

அடுத்து, வெளியே வரும் செலவு. கிளவுடில் உள்ளே ஏற்ற பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். வெளியே இறக்கத்தான் ஜிபிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். உங்கள் 40 டிஸ்க்கும் சராசரியாக 2 டெராபைட் என்றால் மொத்தம் 80 டெராபைட். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இரவு பகல் நிற்காமல் இறக்கினாலும் 74 நாள் ஆகும். ஒப்பந்தம் முடிந்து 30 நாளில் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்று எங்காவது பொடி எழுத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். டிஸ்கில் பதிந்து கூரியரில் அனுப்புவார்களா, அதற்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. சேருவதற்கு முன்பே ஒரு தடவை வெளியே வந்து பாருங்கள். பத்து கிளிப்பைக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடம், தேதி, ஆட்களின் பெயர், தமிழில் ஒரு குறிப்பு எல்லாம் அவர்கள் திரையிலேயே நிரப்புங்கள். இரண்டு மூன்றை வெட்டி ஒரு டைம்லைன் அமையுங்கள். ஒரு வாரம் கழித்து, நாங்கள் விலகுகிறோம், எல்லாவற்றையும் திருப்பித் தாருங்கள் என்று சொல்லுங்கள். கோப்புகள் அசலாக வந்தனவா என்பதைச் செக்சம் போட்டுப் பார்க்கலாம். கோப்பின் கைரேகை மாதிரி அது, ஒரு பிட் மாறினாலும் காட்டிக்கொடுக்கும். நிரப்பிய விவரம் எக்செலில் திறக்கும் பட்டியலாக வந்ததா? தமிழ் எழுத்து தமிழாகவே இருக்கிறதா? டைம்லைன் உங்கள் எடிட்டிங் மென்பொருளில் திறக்கிறதா? இந்தச் சோதனையைத் தம்பியே நடத்தட்டும். அவர் பயம் நியாயமானது, அதைத் தீர்க்க வேண்டியது விற்பவரின் பொறுப்பு. மொத்த மாற்றத்துக்கும் அவரையே பொறுப்பாளராக்குங்கள் என்றுகூடச் சொல்வேன். ஒவ்வொரு கோப்பும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தானே.

ஆனால் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். கையில் இருக்கும் ஹார்டு டிஸ்க் பத்திரம் என்பது உண்மை இல்லை. அலமாரியில் சும்மா கிடக்கும் டிஸ்க் ஒரு நாள் சுழலாமல் போகும். முக்கியமானவற்றுக்குக் குறைந்தது மூன்று நகல் வேண்டும். அதில் ஒன்று மலைக்குக் கீழே, மகளின் வீட்டில் இருந்தாலும் சரி, கிளவுடில் இருந்தாலும் சரி.

அப்புறம் விவரத்தாள். நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். கோப்புப் பெயரில் தேதி, ஊர், நிகழ்ச்சி, வரிசை எண் மட்டும் இருக்கட்டும், அதுவும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும். சில பழைய கருவிகள் தமிழ்ப் பெயரையும் இடைவெளியையும் கண்டால் தடுமாறும். மற்றதெல்லாம் தமிழில், யுனிகோடில், ஒரு சாதாரண அட்டவணையில் எழுதுங்கள். மொழிக்கு ஒரு பத்தி வையுங்கள். உங்கள் பதிவுகளில் தமிழ் மட்டுமா இருக்கிறது? படுகர் மொழி, தோடர் மொழி, கோத்தர் மொழி, இருளர் மொழி எல்லாம் இருக்கும். ஐஎஸ்ஓ 639-3 என்ற சர்வதேசப் பட்டியலில் இவை ஒவ்வொன்றுக்கும் தனி மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. வாடகைக்கு எடுக்கும் சேவையின் பட்டியலில் இந்த மொழி இல்லையே என்று "தமிழ்" என்றோ "மற்றவை" என்றோ போட்டுவிடாதீர்கள். உங்கள் தாளில் சரியான குறியீடு இருந்தால், நாளைக்கு அந்த மொழியைத் தேடி வரும் ஆராய்ச்சியாளரோ, அந்தச் சமூகத்துப் பிள்ளைகளோ அதைக் கண்டுபிடிப்பார்கள்.

அனுமதிக்கும் ஒரு பத்தி வேண்டும். ஒரு மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், எடுத்த சடங்கைப் பற்றி, இதை ஊரில் காட்டலாம், வெளியே வேண்டாம் என்று பெரியவர் ஒருவர் சொல்லியிருப்பார். அந்தச் சொல் தம்பியின் நினைவில் மட்டும் இருந்தால், சென்னைக்குக் கோப்பு போகும்போது அது கூடப் போகாது. தாளில் இருந்தால், அனுப்பும் ஸ்கிரிப்டே அந்தக் கோப்பை நிறுத்திவைக்கும். கருவிகள் ஒன்றோடொன்று நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டால் கோப்பு எங்கும் சுலபமாகப் போகும். அதனால்தான் எங்கே போகக் கூடாது என்பதையும் அதோடு கட்டி அனுப்ப வேண்டியிருக்கிறது.

கடைசியாக அந்தக் கேசட் பெட்டி. ஒளிபரப்பு இயந்திரத்துக்கு முன்பே இதைக் கவனியுங்கள். கோத்தகிரி ஈரத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும், வெள்ளைத் தூள் மாதிரித் தெரியும். அப்படித் தெரிகிற கேசட்டை ஓட்டவே ஓட்டாதீர்கள், பிளேயரின் ஹெட்டும் போய்விடும். அதைத் தனியாக எடுத்துவைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்லவற்றை ஃபயர்வயர் இணைப்பு வழியாகவே கணினிக்கு எடுங்கள். டேப்பில் இருக்கும் டிஜிட்டல் தகவல் அப்படியே நகலாகும், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் போட்டு எடுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், தரம் குறையும், டைம்கோடும் வராது. புதுக் கணினிகளில் ஃபயர்வயர் ஓட்டை இல்லை. ஓடுகிற கேமராவும் அந்த ஓட்டையுள்ள பழைய கணினியும் இப்போதே கிடைப்பது அரிது. கோவையில் பழைய ஸ்டுடியோக்காரர்களிடம் விசாரித்தால் கிடைக்கும்.

முதலில் பண்டிகைக் கேசட்டுகளை எடுங்கள். ஓடும்போது பக்கத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்து, யார் யார் தெரிகிறார்கள் என்று கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பத்து கிளிப் சோதனையில் என்ன வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒப்பந்தத்தின் நகலையும் அனுப்பினால், பொடி எழுத்தை நான் படித்துச் சொல்கிறேன்.